லண்டன் பிள்ளைகள் 24 பேர் வரப்போகிறார்களாம், நாங்கள் என்ன நிபந்தனை போடலாம்?

படுவான்கரை ரீச்சர் (திங்கள், இரவு 9.14)

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், பெயர் வேண்டாம். எங்கள் பழைய மாணவர் ஒருவரின் பிள்ளை லண்டனில் படிக்கிற பாடசாலையிலிருந்து அதிபருக்குக் கடிதம் வந்திருக்கிறது. 15, 16 வயதுப் பிள்ளைகள் 24 பேரும் ஆசிரியர்கள் இரண்டு பேரும் ஆகஸ்டில் 10 நாள் வந்து நிற்கப்போகிறார்களாம். திட்டமும் அவர்களே போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் வகுப்பறைக்குப் பெயின்ட் அடிப்பது, மூன்று நாள் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, ஒரு பின்னேரம் சிறுவர் இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடுவது, பிறகு பாசிக்குடாக் கடற்கரை, யானை, ஷொப்பிங். அடுத்த வருசம் எங்கள் பிள்ளைகள் 8 பேரை அவர்கள் அங்கே கூப்பிடுவார்களாம்.

அதிபர் சேருக்குச் சரியான சந்தோசம். எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது ஒரு விசயம் உறுத்தியது. உங்களுக்கு என்ன தேவை என்று அதில் ஓர் இடத்திலும் கேட்கவில்லை. அதோடு ஆகஸ்ட் இரண்டாம் கிழமை எங்களுக்குத் தவணை லீவு. யாருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப்போகிறார்கள், மதிலுக்கா?

இப்படிக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு போனவர்கள், வரவேற்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


கல்லடிக் காற்று (திங்கள், இரவு 9.40)

ரீச்சர், கோவிக்க வேண்டாம், கூட யோசிக்கிறீர்கள். வருகிற சனத்தை வரவிடுங்கள். இரண்டு கொம்பியூட்டராவது மிஞ்சும்.


செங்கலடிப் பெயின்டர் (திங்கள், இரவு 10.22)

நான் தொழிலே பெயின்ட் அடிக்கிறவன், அதனால் இதில் எனக்கு ஒரு வாய் இருக்கிறது. சில வருசத்துக்கு முன் எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு இப்படி ஒரு கூட்டம் வந்தது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டவும் இல்லை, மண்கடதாசி போடவும் இல்லை, நேரே அதற்கு மேலேயே எமல்ஷனை இழுத்துவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி எல்லாம் மஞ்சள், கரும்பலகையில் சொட்டு. பாவம், வெயிலில் முகம் சிவந்து உழைத்த பிள்ளைகள்தான், அவர்களில் பிழை இல்லை. மாரி வந்ததும் தோல் உரிகிற மாதிரி உரிந்தது. அதைச் சுரண்டித் திருப்பி அடிக்க அதிபர் என்னைத்தான் கூப்பிட்டார், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசில். அடுத்த வருசம் இன்னொரு கூட்டம் வந்து அதே சுவருக்கு நீலம் அடித்தது, ஏனென்றால் அவர்களுக்குக் காட்டுவதற்கு வேறு சுவர் இல்லை.

லண்டனில் 15 வயதுப் பெடியனைப் பாடசாலைச் சுவரில் ஏற்றி பெயின்ட் அடிக்க விடுவார்களா? இங்கே மட்டும் ஏன்? பெயின்ட் காசை அனுப்பச் சொல்லுங்கள், நானும் மருமகனும் நான்கு நாளில் முடித்துத் தருகிறோம். விளம்பரம் இல்லை ரீச்சர், உண்மை.


வேப்பமரத்தடி (செவ்வாய், காலை 6.05)

பெயின்ட் சுவரோடு போய்விடும். நான் அந்த இல்லத்துப் பின்னேரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சுனாமிக்குப் பிறகு நான்கு வருசம் ஒரு சிறுவர் இல்லத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். அந்த நாட்களில் கிழமைக்கு ஒரு வான் வந்து நிற்கும். பிள்ளைகளைக் குளிக்கவார்த்து, பவுடர் போட்டு, வரிசையில் நிறுத்திப் பாட்டுப் பாடவிடுவோம். நானும்தான் நிறுத்தினேன், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு ஆறு வயதுப் பிள்ளை. வந்த அக்கா ஒருவர் அவளை மடியில் வைத்து ஊதா ரப்பர் போட்டுத் தலை பின்னிவிட்டுப் போனார். போகும்போது "சீ யூ சூன்" என்று சொல்லிவிட்டார், அவர்கள் வாயில் அது சும்மா வருகிற சொல். இவள் மூன்று நாள் தலை கழுவ விடவில்லை. பின்னேரமானால் கேற்றடியில் போய் நிற்பாள். நான்காம் நாள் அந்த ரப்பரைக் கழற்றியது நான்தான், என் கையைக் கடித்தாள். அடுத்த கிழமை வேறொரு வான் வந்தது, வேறொரு மடி. சில மாதத்தில் அவள் யார் வந்தாலும் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பாள். வந்தவர்கள் "எவ்வளவு பாசமான பிள்ளை" என்பார்கள். அது பாசம் இல்லை. முன்பின் தெரியாத ஆளின் மடியில் ஏறுகிற பிள்ளைக்கு நாங்கள் எதைப் பழக்கிவிட்டோம் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

அவளுக்கு அம்மா இருந்தார். வாகரைப் பக்கம், கூலி வேலை. சோறும் கொப்பியும் கிடைக்கும் என்று கொண்டுவந்து விட்டவர். இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. உலகம் முழுக்க இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் என்கிற சிறுவர் அமைப்பு 2009இலேயே எழுதியது. பார்க்க ஆள் வந்தால் காசு வரும், காசு வரவேண்டுமென்றால் கட்டில் நிரம்பி இருக்கவேண்டும். எல்லா இல்லமும் இப்படி என்று சொல்லவில்லை, ஆனால் இந்தக் கணக்கு எல்லா இல்லத்தின் வாசலிலும் நிற்கிறது. 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்த நேரத்தில் அவுஸ்திரேலியா இல்லங்களை நிரப்பப் பிள்ளைகளைக் கொண்டுவருவதையும் அந்தப் பேச்சுக்குள் சேர்த்தது, தங்கள் நாட்டு மாணவர்களிடம் இப்படியான இடங்களுக்குத் தொண்டுக்குப் போகவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐநா பொதுச்சபையின் சிறுவர் உரிமைத் தீர்மானத்திலும் இல்லங்களுக்குத் தொண்டுக்குப் போவதால் வருகிற கேடு பற்றி வந்தது. அதனால் லண்டன்காரருக்கு நீங்கள் புதினமாக ஒன்றும் சொல்லப்போவதில்லை ரீச்சர். இல்லத்தை வெட்டுங்கள். அதில் மட்டும் பேரம் பேசவேண்டாம்.


ஹரோ வாத்தி (செவ்வாய், பிற்பகல் 2.48)

வேப்பமரத்தடி அக்கா எழுதியதை வாசித்துவிட்டு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. நான் களுவாஞ்சிகுடி, இங்கே லண்டனில் 19 வருசமாகப் படிப்பிக்கிறேன். மூன்று தரம் பிள்ளைகளை வெளிநாடு கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அனுப்புகிற பக்கத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இங்கே ஒரு பள்ளிக்கூடம் பயணம் போவதென்றால் ஆபத்து மதிப்பீடு என்று ஒரு கட்டுக் கடதாசி எழுதவேண்டும். கடற்கரைக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. வெளிநாட்டுப் பயணங்களுக்கென்றே பிஎஸ் 8848 என்று ஒரு பிரித்தானியத் தரம் இருக்கிறது, 2007இல் வந்து 2014இல் திருத்தியது. பயணத்தை நடத்துகிற கொம்பனி அதைப் பின்பற்றுகிறதா என்று நீங்கள் கேட்கலாம், கேட்டால் அவர்களுக்கு மரியாதை கூடும். ஆசிரியர் எண்ணிக்கையைப் பாருங்கள், 24 பேருக்கு இரண்டு. 1998இல் வந்த அரசாங்க வழிகாட்டியில் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது என்று இருந்தது. இப்போது எண் கட்டாயம் இல்லை, நிலைமையைப் பார்த்து முடிவெடு என்கிறார்கள், ஆனால் அந்தப் பழைய கணக்குக்கே இவர்கள் குறைவு. ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து ஓர் ஆசிரியர் ஆஸ்பத்திரியில் இருந்தால் மிச்சம் 23 பேரை ஓர் ஆளா பார்ப்பது?

ஆனால் இவ்வளவு கடதாசியும் யாரைப் பாதுகாக்க? தங்கள் பிள்ளைகளை. அங்கே இருக்கிற பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரி வந்தால் பெரிய விசயம். நானே முதல் தரம் போனபோது எங்கள் பிள்ளைகளுக்குப் பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் எழுதினேன், எங்கள் பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகளைப் படம் எடுத்துப் போட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. அந்தப் பக்கத்தை எழுதவேண்டியவர்கள் வரவேற்கிறவர்கள். நீங்கள் எழுதி அனுப்புங்கள், அது இல்லாமல் டிக்கெட் போடவேண்டாம் என்று சொல்லுங்கள். வருகிற பெரியவர்கள் எல்லாருக்கும் பொலிஸ் பதிவுச் சோதனை முடிந்த கடிதம், உங்கள் பிள்ளையோடு அவர்களில் ஒருவர் தனியாக அறையில் இருக்கக்கூடாது என்கிற விதி, இரண்டும் கட்டாயம். அவர்களுடைய ஊரில் அவர்கள் தினமும் கடைப்பிடிக்கிற விதிதான், பிளேன் ஏறினதும் மறந்துபோகிறார்கள்.


ஓட்டமாவடி மருமகன் (செவ்வாய், பின்னேரம் 5.30)

படம் பற்றி ஒன்று. எங்கள் ராத்தாவின் மகன் புட்போல் விளையாடிவிட்டுச் சேட்டு இல்லாமல், புழுதியோடு, வாயைப் பிளந்துகொண்டு நின்றவன். வந்த ஒருவர் எடுத்த படம் ஆறு மாதத்துக்குப் பிறகு காசு சேர்க்கிற போஸ்டரில் வந்தது. ரொறன்ரோவிலிருந்து சொந்தக்காரர் கோல் எடுத்து, "பிள்ளைக்குச் சாப்பாடு இல்லையா, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா" என்று அழுகிறார். அன்றைக்கு அவன் புரியாணி தின்றுவிட்டுத்தான் விளையாடப் போனவன்.


அக்கரைப்பற்று வான்காரர் (செவ்வாய், இரவு 8.11)

ரீச்சர், நான் அறுகம்பைக்கும் மட்டக்களப்புக்கும் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்குகிறவன், எனக்குத் தெரிந்தது ரோட்டுத்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பின்னேரம் இறங்கி அன்று இரவே மட்டக்களப்புக்கு ஓடச் சொல்வார்கள், ஒரு நாள் ஹோட்டல் காசு மிச்சம் என்று. ஒத்துக்கொள்ளவேண்டாம். அபறணையிலிருந்து பொலன்னறுவை, வெலிக்கந்தை, புனானை என்று வருகிற ரோட்டில் இரவில் யானை நிற்கும். பகலில் நின்றால் தெரியும், இரவில் கறுப்பு ரோட்டில் கறுப்பு யானை, லைட் அடிக்கிற நேரம் பிரேக் காணாது. ட்ரைவரும் விடியத் தொடங்கி ஓடினவனாக இருப்பான். இரவு ஓட்டம் இல்லை என்று கடிதத்தில் போடுங்கள்.

கடலும் அப்படித்தான். பாசிக்குடா பரவாயில்லை, கனதூரம் நடந்து போகலாம், இடுப்புக்கு மேலே தண்ணீர் வராது. கல்லடியில் அப்படி இல்லை, இழுவை இருக்கிறது. நீச்சல் குளத்தில் நீந்தின பிள்ளைக்குக் கடல் தெரியாது. யானை பார்க்க வேண்டுமென்றால் சங்கிலி போட்ட யானைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாமல், வருகிற வழியில் மின்னேரியா வனப் பூங்காவில் ஜீப்பை விடுங்கள். அந்த மாதத்தில் குளம் வற்றும், புல் முளைக்கும், கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும்.

அப்புறம், கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாத பிள்ளை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். போன வருசம் ஒரு பிள்ளைக்குக் கச்சான் அல்வாக் கடையடியில் முகம் வீங்கிவிட்டது. ஒவ்வாமைக்குப் போடுகிற அவளின் ஊசி பேக்கில் இருந்தது, பேக் ஹோட்டலில் இருந்தது.


கல்லடிக் காற்று (செவ்வாய், இரவு 8.35)

இவ்வளவு நிபந்தனை போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். அவர்கள் நேபாளத்துக்குப் போவார்கள், நாங்கள் யானையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.


தோணிக்காரன் பேரன் (செவ்வாய், இரவு 11.02)

கல்லடி அண்ணா சொல்வதில் பாதி சரி. நான் இப்படி ஒரு குழு வந்தபோது தரம் 11 படித்தவன், அதனால் மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன். அதுவரை நான் ஆங்கிலத்தில் வாய் திறந்தது கிடையாது. அவர்கள் படிப்பித்த மூன்று நாளில் ஒன்றும் படிக்கவில்லை, என் வயதுப் பெடியன் ஒருவன் கரும்பலகைக்கு முன்னால் நின்று "வட் இஸ் யுவர் நேம்" என்று கேட்டபோது வெட்கமாகத்தான் இருந்தது. எங்களுக்கு அது முதலாம் ஆண்டிலேயே தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

நான்காம் நாள் எங்கள் அப்பப்பாவின் தோணியில் ஏற்றினோம். அவர் வீச்சுவலை எறியக் காட்டிக்கொடுத்தார். அந்தப் பெடியன் எறிந்தான், வலை விரியாமல் பந்து மாதிரி விழுந்தது, பின்னாலே அவனும் விழுந்தான். இடுப்பளவு தண்ணீர், சேற்றோடு எழும்பிச் சிரிக்கிறான். "கையைப் பார்க்காதே, தண்ணீரைப் பார்" என்று அப்பப்பா சொன்னதை நான்தான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டி வந்தது. சொன்னேன். அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. இன்றைக்கும் அவனோடு கதைக்கிறேன். அந்தத் தோணிப் பயணம் அவர்களின் திட்டத்தில் இருக்கவே இல்லை, மழையால் ஒரு வேலை தள்ளிப்போனதால் கிடைத்த பின்னேரம்.

ரீச்சர், ஆங்கிலப் பாடத்துக்குப் பதிலாக இரண்டு பக்கப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு வேலை செய்யட்டும். முகத்துவாரத்திலிருந்து மேலே போகப்போக வாவியின் உப்பு எப்படிக் குறைகிறது என்று அளக்கலாம், எந்த இடத்தில் எந்தக் கண்டல் மரம் நிற்கிறது என்று குறிக்கலாம். அதில் எங்கள் பிள்ளைகளுக்குத்தான் கூடத் தெரியும். லைவ் ஜக்கெட் மட்டும் போடுங்கள், எங்களுக்கு அன்று யாரும் போடவில்லை.


படுவான்கரை ரீச்சர் (புதன், இரவு 7.50)

எல்லாவற்றையும் அச்செடுத்து அதிபர் சேரின் மேசையில் வைத்தேன். பெயின்டர் அண்ணாவின் பதிலை வாசித்துச் சிரித்தார், இல்லம் பற்றி வாசித்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஆனால் ஒன்று கேட்டார், எனக்குப் பதில் இல்லை. "வருகிறவர்களுக்கு இவ்வளவு பார்க்கிறோம், எங்கள் 8 பிள்ளைகள் போகும்போது யாரை எடுப்பது, எப்படி அனுப்புவது?" வெளிநாட்டுக்கு மாணவரைக் கூட்டிக்கொண்டு போன அனுபவம் யாருக்காவது உண்டா?


ஏறாவூர்ப்பற்று சேர் (வியாழன், காலை 5.40)

போன வருசம் தமிழ்நாட்டுக்கு 14 பேரைக் கூட்டிக்கொண்டு போனேன், காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் கப்பலில். லண்டன் அளவுக்குப் பெரிய பயணம் இல்லை, ஆனால் தலையிடி அதே தலையிடிதான்.

காசு பிறகு. முதலில் பாஸ்போட். 16 வயதுக்குக் கீழே என்றால் தாய் தகப்பன் இரண்டு பேரின் சம்மதமும் வேண்டும். எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய விசயம் என்று கொழும்பில் இருந்து யோசிக்கிறவருக்கு விளங்காது. ஒரு பிள்ளையின் அம்மா குவைத்தில் வீட்டுவேலை. தூதரகத்துக்குப் போய்க் கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். அவவுக்கு லீவு வெள்ளிக்கிழமை மட்டும், வெள்ளிக்கிழமை அலுவலகமும் பூட்டு. மேடத்திடம் கெஞ்சி ஒரு நாள் வாங்க இரண்டு மாதம் போனது. இன்னொரு பிள்ளையின் தகப்பன் 2009இல் காணாமற்போனவர். இறப்புச் சான்றிதழ் எடுக்க அந்தத் தாய் ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்தால் அவர் செத்துவிட்டதாக ஆகிவிடும் என்றா. காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே அவவுக்குத் தெரியாது, நாங்கள்தான் கூட்டிக்கொண்டு அலைந்தோம். இதற்கெல்லாம் நேரம் விடாமல் "பாஸ்போட் இருக்கிற பிள்ளைகள் பெயர் தாருங்கள்" என்று கேட்டால் யாருடைய பெயர் வரும்? வசதியான நான்கு வீட்டுப் பெயர்தான் வரும். அங்கேயே தெரிவு முடிந்துவிடும், பிறகு ஆங்கிலப் பரீட்சை வைப்பது எல்லாம் நாடகம்.

அதனால் நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஒரு வருசத்துக்கு முன்னமே தரம் 9 பிள்ளைகள் எல்லாருக்கும் சொன்னோம். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போடாமல் மொத்தமாகக் காசு சேர்த்தோம், யார் எவ்வளவு தந்தது என்று கணக்காளருக்கு மட்டும் தெரியும். கைச்செலவுக் காசு எல்லாருக்கும் ஒரே அளவு, அதற்கு மேலே கொண்டுவரக்கூடாது. இதில் ஒரு தாய் என்னோடு சண்டைக்கு வந்தா, என் பிள்ளை ஆசைப்பட்டதை வாங்கக்கூடாதா என்று. கூடாது என்றுதான் சொன்னேன். பக்கத்துப் பிள்ளை கடைக்கு வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்ததை முதல் பயணத்தில் கண்டவன் நான்.

லண்டனுக்கு வேறொரு பயம் இருக்கிறது. விசா. பிரித்தானிய விசாவுக்கு நேரில் போய்க் கைரேகை கொடுக்கவேண்டும், மறுத்தால் கட்டின காசு திரும்பாது. 8 பேரில் 3 பேருக்கு மறுத்தால் மிச்சம் 5 பேர் போவதா, ஒருவரும் போகாமல் விடுவதா? இதை முதலே பிள்ளைகளுக்கு முன்னால் வைத்து முடிவெடுங்கள், பெட்டி கட்டின பிறகு இல்லை. மறுக்கப்படுவது பெரும்பாலும் வங்கிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளைதான். அங்கிருக்கிற பாடசாலை முழுச் செலவையும் தாங்களே ஏற்கிறோம் என்று ஆதாரத்தோடு எழுதித் தந்தால் ஓரளவு உதவும். சிங்கப்பூருக்கு எங்களுக்கு விசா தேவை இல்லை, இரண்டு பக்கமும் அங்கே சந்தித்தால் என்ன என்று ஒரு யோசனையும் வந்தது, ஆனால் அங்கே செலவு தலைக்கு மேலே.

வலயக் கல்வி அலுவலகக் கடிதத்தையும் ஆசிரியர்களுக்கான வெளிநாட்டு லீவு அனுமதியையும் கடைசிக் கிழமைக்கு விடவேண்டாம். எனக்குக் கிடைத்தது கப்பலுக்கு முதல் நாள்.


வேப்பமரத்தடி (வியாழன், காலை 7.15)

சேர், அந்தக் காணாமற்போனவரின் பிள்ளை போனதா?


ஏறாவூர்ப்பற்று சேர் (வியாழன், காலை 7.31)

போனான். நாகப்பட்டினத்தில் இறங்கியதும் அம்மாவுக்குத்தான் முதல் கோல். "இங்கேயும் தமிழ்தான் கதைக்கிறார்கள் அம்மா" என்றான், என்னமோ அதிசயத்தைக் கண்ட மாதிரி.


படுவான்கரை ரீச்சர் (அடுத்த கிழமை, ஞாயிறு, இரவு 9.20)

பதில் வந்துவிட்டது. நாங்கள் எழுதியது ஒன்றரைப் பக்கம். இல்லத்துக்குப் போவது இல்லை. பெயின்டை ஊர்ப் பெயின்டர் அடிப்பார், அவருடைய கூலி வெளிப்படையாகக் கணக்கில் வரும். ஜூலை நடுவில், பாடசாலை நடக்கிற நாளில் வரவேண்டும். எங்கள் பிள்ளைகளின் படம் எடுப்பதென்றால் வீட்டாரிடமும் பிள்ளையிடமும் கேட்டு, வகுப்பாசிரியர் பார்த்த பிறகுதான் எங்கேயும் போடலாம். இரவு ஓட்டம் இல்லை. ஏதாவது பிழை நடந்தால் அவர்களுடைய கொம்பனிக்கு மட்டும் சொல்லிவிட்டு மூடக்கூடாது, எங்கள் சிறுவர் நன்னடத்தை அலுவலருக்கும் சொல்லவேண்டும், சிறுவர் உதவிக்குக் கோல் எடுக்கிற 1929 இலக்கம் அவர்களுடைய பிள்ளைகளின் அட்டையிலும் இருக்கவேண்டும். வாவி அளக்கிற வேலையும் சேர்த்தோம்.

கல்லடி அண்ணா பயந்த மாதிரி நேபாளத்துக்கு ஓடவில்லை. 24ஐ 16 ஆக்கி, ஆசிரியர்களை மூன்று பேராக்கி எழுதியிருக்கிறார்கள். இல்லம் பற்றி அவர்களுடைய ஆசிரியை தனியாக ஒரு வரி போட்டிருந்தா: அது தங்கள் பக்கத்திலும் சிலருக்குப் பிடிக்கவில்லையாம், கொம்பனியின் பட்டியலில் இருந்ததால் விட்டுவிட்டார்களாம். ஜூலைக்கு மட்டும் முரண்டு பிடிக்கிறார்கள், அவர்களுக்கு அது பாடசாலை முடிகிற நேரம், கடைசிக் கிழமை என்றால் பார்க்கலாம் என்கிறார்கள். அதிபர் சேருக்குக் கொம்பியூட்டர் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்று கொஞ்சம் மனவருத்தம்.

பெயின்டர் அண்ணா, எட்டு வகுப்பறைக்கு ஒரு விலைச்சிட்டை போட்டு அனுப்புங்கள், சுரண்டுகிற கூலியையும் சேர்த்து. அதோடு, வாவிக்குப் பிள்ளைகள் அளவில் லைவ் ஜக்கெட் முப்பது வேண்டும், மட்டக்களப்பில் வாடகைக்குத் தருகிறவர்கள் யாரைத் தெரியும்?


தோணிக்காரன் பேரன் (ஞாயிறு, இரவு 9.33)

பாசிக்குடாப் பக்கம் படகு ஓட்டுகிற என் மச்சானிடம் பன்னிரண்டு இருக்கிறது, காசு வேண்டாம். மிச்சத்துக்குக் கேட்டுப் பார்க்கிறேன். அப்பப்பாவுக்கு இப்போது 81, வலையை எடுத்துக் காயப்போட்டுவிட்டார்.